வேரோடு பிடுங்கிய ஊர்: ஜோத்பூரும் சீமைக்கருவேலமும்

திண்டுக்கல்லில் இருந்து கரூருக்கு ரயிலில் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வழி நெடுக ஒரே மரத்தைத்தான் பார்ப்பார்கள். எரியோடு தாண்டினாலும் அதுதான், பாளையம் வந்தாலும் அதுதான். சீமைக்கருவேலம். தரிசு நிலத்தில், குளத்துக்குள், ரோட்டோரத்தில், கடைசியில் குடகனாற்றின் மணலிலும் அதே மரம். பல இடங்களில் பாலம் என்ற ஒன்று இல்லாவிட்டால் கீழே இருப்பது ஆறு என்றே வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

இந்த மரத்தைப் பற்றி ஊரில் எல்லோரிடமும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. டீக்கடையில் கேட்டால், "இந்தச் சனியனை வெட்டிப் போட்டாலே ஆத்துல தண்ணி வந்துரும்ணே" என்பார்கள். வாட்ஸ்அப்பில் இன்னும் ஒரு படி மேலே போய், காற்றில் உள்ள ஈரத்தை எல்லாம் இந்த மரம் உறிஞ்சிவிடும், இதன் நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது, வெள்ளைக்காரன் திட்டம் போட்டு விதைத்தான் என்றெல்லாம் சுற்றுகிறது. இவற்றுக்கு ஆதாரம் கிடையாது. ஆனால் வேர் ஆழமாகப் போகும், பக்கத்தில் வேறு செடியை எளிதில் வளரவிடாது, வெட்ட வெட்டத் துளிர்க்கும் என்பதெல்லாம் உண்மைதான்.

சரி, வெட்டினால் ஆறு வந்துவிடுமா? வெட்டிய பிறகு அந்த இடத்தில் என்ன வரும்? இந்தக் கேள்வியை உட்கார்ந்து யோசித்து, இதே மரத்தை வேரோடு எடுத்து, பழைய நிலத்தைத் திரும்பக் கொண்டுவந்த ஒரு ஊர் இந்தியாவில் இருக்கிறது. அதுவும் பாலைவனத்தில்! ராஜஸ்தானில் உள்ள ஜோத்பூர்.

திண்டுக்கல்காரர்களுக்கு ஜோத்பூர் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. சமவெளியில் திடீரென்று எழும்பி நிற்கும் ஒரு பாறை, அதன் மேல் ஒரு கோட்டை, சுற்றிலும் வெயிலில் காய்கிற ஊர். திண்டுக்கல் பாறையில் 1605 வாக்கில் மதுரை நாயக்கர்கள் கோட்டை கட்டினார்கள். ஜோத்பூர் பாறையில் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னால், 1459ல், ராவ் ஜோதா என்ற ராத்தோர் அரசர் மெஹ்ரான்கர் கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். மழையில்தான் பெரிய வித்தியாசம். திண்டுக்கல் பக்கம் வருடத்துக்கு எண்பது சென்டிமீட்டரை ஒட்டிப் பெய்கிறது. ஜோத்பூரில் அதில் பாதிகூட இல்லை, ஏறத்தாழ 36 சென்டிமீட்டர். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் மரம் எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். இதன் சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் அதைச் சுற்றிய பகுதிகளும். 1877 வாக்கில் அன்றைய சென்னை மாகாணத்தின் வனத்துறை அதிகாரி பெட்டோம் என்பவரின் முயற்சியில் ஜமைக்காவில் இருந்து விதை வரவழைக்கப்பட்டு, கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைக்கப்பட்டது. வறண்ட நிலத்தில் விறகுக்கு வேகமாக வளர்கிற ஒரு மரம் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அதில் சதி எதுவும் தெரியவில்லை, அவசரம்தான் தெரிகிறது. தமிழ்நாட்டில் இது பரவியதற்குக் காமராஜர் காலத்தில் விறகுப் பஞ்சம் தீர விதை தூவியதுதான் காரணம் என்று ஊருக்கு ஊர் சொல்வார்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் இந்த மரத்தை வைத்துக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். விவசாயம் பொய்த்த வருடங்களில் உலை வைத்தது இந்த மரம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஜோத்பூரில் ராஜாக்களே வேலையை முடித்துவிட்டார்கள். 1930களில் மகாராஜா உமைத் சிங் விமானத்தில் இருந்து இதன் விதைகளைத் தூவச் செய்தார் என்பது அங்கே வழங்கும் வரலாறு. (விமானம் ஓட்டுவதில் பெரிய ஆசை உள்ளவர் அவர்.) 1940ல் இதை "அரச மரம்" என்று அறிவித்துப் பாதுகாக்கவும் உத்தரவானது. பிள்ளையார் உட்காரும் நம் அரசமரம் இல்லை, அரசருடைய மரம்! ஆனால் குடிமக்கள் வைத்த பெயர் வேறு. "பாவலியா". பைத்தியம் பிடித்தது என்று பொருள். எங்கே வேண்டுமானாலும், எப்படி வேண்டுமானாலும் வளர்கிற மரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

இங்கே ஒரு சின்னத் திருப்பம் இருக்கிறது. சீமைக்கருவேலம் என்ற பெயரைப் பார்த்து இது நாட்டுக் கருவேலத்துக்குச் சொந்தம் என்று நினைக்கிறோம். உண்மையில் இதன் நெருங்கிய பங்காளி வன்னி மரம். ஆம், கோயில்களில் தல விருட்சமாக நிற்கிற, விஜயதசமிக்கு அம்பு போடுகிற அதே வன்னி. ராஜஸ்தானில் அதன் பெயர் கேஜ்ரி, அந்த மாநிலத்தின் மரம். ஜோத்பூருக்குப் பக்கத்தில் உள்ள கேஜர்லி கிராமத்தில் 1730ல், அரண்மனை கட்டச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகு வேண்டும் என்று அரசரின் ஆட்கள் கேஜ்ரி மரங்களை வெட்ட வந்தபோது, அம்ரிதா தேவி என்ற பிஷ்னோய் பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து உயிரை விட்டார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் இறந்தார்கள் என்பது வரலாறு. ஒரு பங்காளிக்காக உயிர் கொடுத்த மண்ணிலேயே, இருநூறு வருடம் கழித்து இன்னொரு பங்காளியை ஆகாயத்தில் இருந்து கொட்டினார்கள். (2022ல் தாவரவியல் அறிஞர்கள் இந்தக் குடும்பத்தைப் பாகம் பிரித்துவிட்டார்கள். வன்னி பழைய புரோசோபிஸ் என்ற பெயரிலேயே இருக்கிறது, சீமைக்கருவேலம் நெல்டுமா ஆகிவிட்டது.)

இப்போது கோட்டைக்கு வருவோம். மெஹ்ரான்கரைச் சுற்றி இருக்கிற பாறை சாதாரணப் பாறை இல்லை. சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறி உண்டான ரையோலைட். அந்தக் காலத்து மனிதர்கள் இந்த மொட்டைப் பாறையையே மழை பிடிக்கும் தட்டாக மாற்றினார்கள். மேட்டில் விழும் தண்ணீர் பாறையில் வெட்டிய கால்வாய் வழியாக ஓடி, கோட்டைக்குக் கீழே உள்ள ராணிசர், பதம்சர் என்ற குளங்களில் நிறையும். 36 சென்டிமீட்டர் மழையில் ஒரு தலைநகரம் பிழைத்தது இப்படித்தான். பிறகு வெகு தூரத்தில் இருந்து இந்திரா காந்தி கால்வாயின் தண்ணீர் குழாயில் வந்தது. குழாய் வந்த பிறகு குளத்தை யார் பார்ப்பார்கள்? கால்வாயில் குப்பை சேர்ந்தது. பாறை முழுக்கப் பாவலியா.

கோட்டையை நிர்வகிப்பது மெஹ்ரான்கர் மியூசியம் டிரஸ்ட். 1972ல் மகாராஜா இரண்டாம் கஜ் சிங் ஏற்படுத்தியது. 2006ல் இந்த டிரஸ்ட் கோட்டையை ஒட்டிய 70 ஹெக்டேர் பாறை நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஒருவரை அழைத்தது. அவர் பிரதீப் கிஷன். தாவரவியல் பட்டம் பெற்றவர் என்று நினைத்தால் தப்பு. சினிமா இயக்குநர்! 1985ல் "மாஸ்ஸி சாஹிப்" எடுத்தவர். பிறகு சினிமாவை விட்டுவிட்டு மரங்களின் பின்னால் போய், தானாகவே படித்து, டெல்லியின் மரங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எழுதினார். 2006ல்தான் அதுவும் வெளிவந்தது.

அவர் முன்னால் இருந்த வேலை கேட்பதற்கு எளிது. பாவலியாவை எடு, பழைய செடிகளை வை. ஆனால் முதல் பாதியிலேயே மாட்டிக்கொண்டார்கள். தரைக்கு மேலே வெட்டினால் சில வாரங்களில் பக்கத்துக்குப் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். அதைத் திண்டுக்கல்லில் ஆடு மேய்ப்பவரே சொல்லிவிடுவார். மரத்தைக் கொல்ல வேண்டுமானால் அடிக்கட்டையின் கீழே, துளிர் கிளம்பும் பாகத்தைத் தாண்டி, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி வேரை அறுக்க வேண்டும். மண்ணாக இருந்தால் கடப்பாரை போதும். இங்கே வேர் போயிருப்பது ரையோலைட் பாறையின் வெடிப்புக்குள். ஐந்நூறு வருடக் கோட்டை தலைக்கு மேல் நிற்கும்போது வெடி வைக்கவும் முடியாது.

வழி காட்டியவர்கள் படித்தவர்கள் இல்லை. ஜோத்பூரைச் சுற்றிப் பரம்பரையாகக் கல் உடைத்து வாழும் கண்ட்வாலியா என்ற சமூகத்தார். இவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தில் இருந்தே பாறை எங்கே கெட்டி, எங்கே வெடிப்பு, எந்தப் பக்கம் அடித்தால் பிளக்கும் என்று சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் அம்மி கொத்துகிறவருக்கும் கல்குவாரியில் பழுத்த ஆளுக்கும் இந்தக் காது உண்டு. சுத்தியலும் உளியும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாக உட்கார்ந்து, பாறையைச் செதுக்கிச் செதுக்கி வேரை எடுத்தார்கள். ஆயிரக்கணக்கான மரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி.

குழியை வீணாக்கவில்லை என்பதுதான் இதில் அழகு. பாவலியா பிடுங்கிய அதே குழியில் மண்ணையும் சரளையையும் கலந்து போட்டு, பாறையில் வளரக்கூடிய நாட்டுச் செடியை வைத்தார்கள். பாவலியா வேர் கண்டுபிடித்த வெடிப்பு வழியாகவே புதுச் செடியின் வேரும் இறங்கும். எதிரி தோண்டிய கிணற்றில் தண்ணீர் குடிப்பது மாதிரி!

அடுத்த கேள்வி, எந்தச் செடி? நர்சரியில் போய்க் கேட்டால் அரளி கிடைக்கும், குல்மொகர் கிடைக்கும், காகிதப்பூ கிடைக்கும். தார் பாலைவனத்துப் பாறைச் செடிகளை யாரும் விற்பதில்லை. ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. கிஷனும் குழுவும் தார் முழுக்க அலைந்து, பாறையில் இயற்கையாக என்ன வளர்கிறது என்று குறித்துக்கொண்டு, விதை பொறுக்கி வந்து, தாங்களே நாற்று வளர்த்தார்கள். கள்ளி வகையில் "தோர்", பிசின் தரும் "கும்டியோ", இலையே இல்லாமல் பச்சைக் குச்சியாக நிற்கும் "கீம்ப்", காவி நிறத்தில் பூக்கும் "ரோஹிடா". கும்டியோவின் விதையும், கேஜ்ரியின் காயும் சேர்ந்ததுதான் மார்வாரில் புகழ்பெற்ற பஞ்ச்கூட்டா கறி. மழை இல்லாத ஊரில் காய்கறிக்கு மாற்று அது. ஆக, திரும்ப நட்டது வெறும் செடி இல்லை, அந்த ஊரின் சமையல் சாமானும்தான்.

2011 பிப்ரவரியில் "ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா" பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து வருட வேலை. பழைய நகரச் சுவரில் உள்ள சிங்கோரியா போல் என்ற வாசல்தான் நுழைவிடம். உள்ளே வண்ணக் குறியிட்ட நான்கு நடைபாதைகள். அதில் ஒன்று அந்தப் பழைய கால்வாய்க்குள்ளேயே இறங்கிப் போகிறது. இரண்டு பக்கமும் மனிதக் கை வெட்டிய பாறைச் சுவர், நடுவில் நடந்து போகலாம். குப்பை அள்ளிய பிறகு கால்வாய் மறுபடி கால்வாய் ஆனது. ஒருபுறம் தேவ்குண்ட் என்ற சிறு ஏரி, பறவைகள், தலைக்கு மேலே கோட்டை. இருநூறுக்கும் மேற்பட்ட செடிவகைகள் இன்று அங்கே இருக்கின்றன.

ஆனால் ஏப்ரல், மே மாதத்தில் போகிறவர்கள் "இதற்கா டிக்கெட்?" என்றுதான் கேட்பார்கள். புல்வெளி இல்லை, நீரூற்று இல்லை, ரோஜா இல்லை. பாறையும் குச்சியும்தான். நம்மவர்களுக்குப் பூங்கா என்றால் சறுக்குமரமும் செயற்கை அருவியும். இது அப்படி இல்லை. பாலைவனம் பாலைவனமாகவே இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே நோக்கம். மழை பெய்த இரண்டாவது வாரம் போனால் தோரில் இலை வந்திருக்கும், பாறை இடுக்கு எல்லாம் புல் கிளம்பியிருக்கும். வருடம் முழுக்கப் பச்சையாக இருப்பது பாவலியாவின் குணம். காத்திருந்து பச்சையாவது அந்த மண்ணின் குணம்.

இதற்கு நேர் எதிர் மாதிரித் தெரிகிற ஒரு கதை அமெரிக்காவில் இருக்கிறது. அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் என்று ஒரு பாலைவன நகரம். அதன் நடுவே சால்ட் நதி ஓடியது. ஹோஹோகாம் என்ற பழங்குடி மக்கள் அந்த நதியில் இருந்து நூற்றுக்கணக்கான மைல் கால்வாய் வெட்டி விவசாயம் செய்தார்கள். 1911ல் மேலே ரூஸ்வெல்ட் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதன் பிறகு வந்த தடுப்புகளும் கால்வாய்களும் தண்ணீர் முழுவதையும் எடுத்துக்கொள்ள, நகருக்குள் நதி வறண்டது. அப்புறம் என்ன, சரளை அள்ளினார்கள், குப்பை கொட்டினார்கள், பழைய டயர் போட்டார்கள். திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2005ல் அந்த ஆற்றுப் படுகையில் 5 மைல் நீளத்துக்கு, 595 ஏக்கரில், பழைய ஆற்றங்கரைக் காட்டைத் திரும்ப உண்டாக்கித் திறந்தார்கள். மத்திய அரசும் நகராட்சியும் செலவைப் பகிர்ந்துகொண்டன. நிலத்தடி நீரை இறைத்துச் சிற்றோடையாக விட்டார்கள். இன்று இருநூறுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் அங்கே வருகின்றன.

அங்கே நட்ட மரங்களில் முக்கியமான ஒன்று எது தெரியுமா? மெஸ்கீட். அதாவது சீமைக்கருவேலத்தின் உடன்பிறப்பு! ஜோத்பூரில் உளி வைத்துத் தோண்டி எடுத்ததன் தம்பியை பீனிக்ஸில் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். அரிசோனாவிலேயே ஒரு சுரங்கத்தில் மெஸ்கீட் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டு 1963ல் பதிவாகியிருக்கிறது. அந்த ஆழம் அங்கே புகழ், இங்கே குற்றம். அங்கே அந்த மரத்தைத் தின்ன வண்டுகளும், அதை நம்பி வாழும் பறவைகளும், அதன் காயை மாவாக்கிச் சாப்பிட்ட மக்களும் இருக்கிறார்கள். இங்கே அது தனியாக வந்தது. விதையை மட்டும் இறக்குமதி செய்தார்கள், எதிரிகளை இறக்குமதி செய்யவில்லை.

குடகனாற்றுக்குத் திரும்பலாம். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேல மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது மாவட்டம் மாவட்டமாக ஜேசிபி இறங்கியது. நீதிபதிகளே நேரில் போய்ப் பார்த்தார்கள். கல்லூரி மாணவர்கள் அரிவாளோடு போனார்கள். அதே வருடம், அறிவியல் ஆய்வு இல்லாமல் வெட்டலாமா என்ற கேள்வி எழுந்து, இடைக்காலத் தடையும் வந்தது. 2022ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களை அகற்றவும், அகற்றிய இடத்தில் நாட்டு மரங்களைக் கொண்டுவரவும் ஒரு கொள்கையே வெளியிட்டது. கொள்கையில் இரண்டாவது பாதியும் இருப்பது நல்ல விஷயம். களத்தில் பெரும்பாலும் நடப்பது முதல் பாதி. ஏலம் விடுகிறார்கள், விறகு போகிறது, கட்டை நிற்கிறது. அடுத்த மழைக்குக் கட்டையில் துளிர். காயைத் தின்ற ஆடு புழுக்கையோடு விதையையும் போட்டுவிட்டுப் போகிறது.

வணிகவியல் படித்தவர்கள் இதை எளிதாகப் பிடித்துவிடுவார்கள். வெட்டுவது ஒரு தடவைச் செலவு, விறகு விற்றால் வரவும் உண்டு. கணக்கில் அழகாகத் தெரியும். வேரெடுப்பது, நாற்று வளர்ப்பது, பத்து வருடம் களை பிடுங்குவது எல்லாம் தொடர் செலவு, வரவே கிடையாது. டெண்டரில் எது இடம் பிடிக்கும் என்று சொல்ல வேண்டுமா?

இன்னொன்று. குடகனாற்றின் நோய்க்கு மரம் காரணமா, அறிகுறியா? பன்றிமலை, ஆடலூர்ப் பக்கத்து மலைகளில் இருந்து இறங்கும் தண்ணீர் ஆத்தூரில் காமராஜர் அணையில் நிற்கிறது. அது திண்டுக்கல்லின் குடிநீர். ராஜவாய்க்காலில் எவ்வளவு போக வேண்டும், ஆற்றில் எவ்வளவு விட வேண்டும் என்று மேற்குப் பக்கத்து விவசாயிகளுக்கும் வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கும் தகராறு தீரவில்லை. அழகாபுரியில் கட்டிய குடகனாறு அணை 1977 வெள்ளத்தில் உடைந்தது. கரண்ட் போய், ஷட்டரை முழுதாகத் தூக்க முடியாமல், மண்கரைக்கு மேல் தண்ணீர் ஏறிவிட்டது. அதே ஆற்றில் இன்று வருடக்கணக்கில் தண்ணீர் இல்லை என்கிறார்கள்.

நடுவில் தோல் ஷாப்புகள். 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையையும் கொடுக்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதியாக அறிவித்த தீர்ப்பு அது. சட்டக் கல்லூரிகளில் வேலூர் தீர்ப்பு என்றுதான் பாடம் நடத்துவார்கள். ஆனால் தீர்ப்பில் பெயர் குறிப்பிட்ட ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு நிலையம் இல்லாவிட்டால் மூடல், கெட்டுப்போன சூழலைச் சரிசெய்ய ஆகும் செலவை வசூலிக்க ஒரு ஆணையம். நிலத்துக்குள் இறங்கிய உப்பும் குரோமியமும் அபராதத்தால் வெளியே வந்துவிடாது. நல்ல மரம் எல்லாம் வாடிப்போகிற உப்பு மண்ணில் தளதளவென்று வளர்கிற மரம் எது? அதே சீமைக்கருவேலம்தான். அது ஆற்றைக் கொன்று உள்ளே வரவில்லை. ஆறு போன பிறகு, காலி வீட்டில் குடியேறுவது மாதிரி வந்து உட்கார்ந்தது.

ஜோத்பூரில் செய்ததைக் குடகனாற்றில் அப்படியே செய்ய முடியாது. அங்கே 70 ஹெக்டேரும் ஒரே டிரஸ்டின் கையில் இருந்தது. இங்கே பொதுப்பணித்துறை, வருவாய்த்துறை, பஞ்சாயத்து, பட்டாதாரர், ஆக்கிரமிப்பாளர் என்று கரை முழுக்க உரிமையாளர்கள். ஆனால் முதல் படியை எடுத்துக்கொள்ளலாம். கரையில் முன்பு என்ன மரம் இருந்தது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுதி வைப்பதற்கு எந்தத் துறையின் அனுமதியும் தேவையில்லை. மருதமா, நாவலா, புங்கமா, எங்கே நாணல் இருந்தது, எந்த மடுவில் வெயில் காலத்திலும் தண்ணீர் நின்றது... சொல்லத் தெரிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயது ஆகிவிட்டது. கிஷனுக்குச் செடிகளின் பெயரைச் சொல்ல ஆடு மேய்ப்பவர்கள் இருந்தார்கள், பாறையின் வெடிப்பைச் சொல்லக் கண்ட்வாலியாக்கள் இருந்தார்கள்.

ஜோத்பூர்ப் பூங்காவிலும் வேலை முடிந்துவிடவில்லை. வெளியே பாவலியா இருக்கிறது, அதன் காயைத் தின்ன ஆடுகளும் இருக்கின்றன. மழைக்குப் பிறகு பாறை இடுக்கில் அதன் நாற்று முளைக்கத்தான் செய்யும். விரல் நீளத்தில் இருக்கும்போது கண்டுபிடித்துவிட்டால் கையாலேயே பிடுங்கிவிடலாம். உளி வேண்டியதில்லை.